மூளைக்காய சங்கத்துல கமிட்டி மெம்பரா சேரப் போறீங்களா? முதல் ஆறு மாசத்துக்கு ஒரு வழிகாட்டி

"பொதுக்குழுல உங்க பேரை முன்மொழியலாம்னு இருக்கோம், சரின்னு மட்டும் சொல்லுங்க சார்"னு யாராவது போன் பண்ணியிருப்பாங்க, நீங்களும் கூச்சப்பட்டுக்கிட்டே சரின்னு சொல்லியிருப்பீங்க. இல்லன்னா வீட்டுலயே ஒருத்தருக்கு பைக்ல போய் தலைல அடிபட்டு, ஐசியூ வாசல்லயும் ஃபிசியோ ரூம்லயும் ரெண்டு வருஷம் அலைஞ்ச கையோட நாமளும் ஏதாவது செய்யணும்னு நீங்களே வந்து கேட்டிருப்பீங்க. எப்படி வந்தாலும் வாங்க. தலைக்காயம் பட்டவங்களுக்கும் அவங்க குடும்பத்துக்குமா நடக்குற ஒரு சின்ன சங்கத்துல நான் ஒம்போது வருஷமா பொருளாளர், இதுவரைக்கும் மூணு கமிட்டி பாத்தாச்சு. ஒவ்வொரு தடவையும் புதுசா வர்றவங்க முதல் மீட்டிங்ல வெப்சைட் போடலாம், வாக்கத்தான் வைக்கலாம், நடிகரக் கூப்பிடலாம்னு சொல்லுவாங்க, ரெண்டாவது மீட்டிங்ல வரவு செலவு படிக்கும்போது போன பாப்பாங்க, மூணாவது மீட்டிங்குக்கு ஆளக் காணோம். அவங்க தப்பு இல்ல, என்ன வேலைன்னு நாங்க யாரும் சொன்னதே இல்ல. அதான் எழுதுறேன்.

முதல் மாசம் சும்மா வந்து உக்காருங்க

கமிட்டி மீட்டிங்குக்கு முன்னாடி, அடிபட்டவங்களும் குடும்பமுமா சனிக்கிழமை கூடுறோமே அந்தக் கூட்டத்துக்கு நாலு வாரம் வாங்க. பின் வரிசைல உக்காருங்க, பொன்னாடை கிடையாது, மைக் கிடையாது, டீ குடுத்தா வாங்கிக் குடிங்க. யாருக்கு என்ன பிரச்சனைன்னு கேக்காம கவனிங்க. நல்லா நடந்து வந்து, இஸ்திரி போட்ட சட்டையோட உங்ககிட்ட கை குடுத்து அழகா பேசுவாரு ஒருத்தர், இவருக்கு என்னன்னு உங்களுக்குத் தோணும், கால் மணி நேரத்துல அதே கேள்விய மூணாவது தடவை கேப்பாரு. பக்கத்துல இருக்கிற அவர் சம்சாரம் சொல்லுவாங்க, காலைல பிரஷ்ல பேஸ்ட் வச்சுக் கையில குடுத்தா பல்லு தேய்ப்பாரு, குடுக்கலன்னா சாயந்திரம் வரைக்கும் கட்டில் ஓரமா அப்படியே உக்காந்திருப்பாரு. ஊர்க்காரங்க இதுக்கு வைக்கிற பேரு சோம்பேறித்தனம். மூளையோட முன்பக்கம் அடிபட்டா ஒரு வேலைய தானா ஆரம்பிக்கிறதே போயிடும், கோவத்த அடக்குறது போயிடும், சில பேருக்குத் தனக்குக் குறை இருக்குன்னு தெரியிறதே போயிடும். கை கால்ல எந்தக் குறையும் தெரியாது, அதனால அனுதாபமும் கிடைக்காது, திட்டுதான் கிடைக்கும்.

ஒருத்தர் உங்களக் கெட்ட வார்த்தைல திட்டலாம், இன்னொருத்தர் உங்க மேல கை போட்டுப் பேசலாம். மனசுல வச்சுக்காதீங்க, ஆனா கண்டுக்காம விட்டுறவும் கூடாது, ஏன்னா அங்க வேலை பாக்குற பொண்ணுங்களுக்கும் வாலண்டியர் பிள்ளைங்களுக்கும் பாதுகாப்பு நம்ம பொறுப்பு. பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை பாத்தா பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டத்துல, அதான் 2013-ல வந்தது, அதுபடி புகார விசாரிக்க ஒரு உள் கமிட்டி இருக்கணும். பத்து பேர் இல்லாட்டியும் யார்கிட்ட புகார் சொல்லணும்னு ஒரு பேரும் நம்பரும் சுவத்துல ஒட்டியிருக்கணும், போய்ப் பாருங்க ஒட்டியிருக்கான்னு.

ஆஸ்பத்திரிலருந்து வீட்டுக்கு அனுப்பும்போது குடுக்கிற டிஸ்சார்ஜ் சம்மரி படிக்கக் கொஞ்சம் பழகிக்கங்க, வைத்தியம் சொல்றதுக்கு இல்ல, குடும்பம் பேசுறது புரியிறதுக்கு. அதுல கிளாஸ்கோ கோமா ஸ்கேல்னு ஒரு மார்க் இருக்கும், 1974-ல கிளாஸ்கோ ஊர் டாக்டருங்க ரெண்டு பேர் கொண்டு வந்தது. கண்ணத் திறக்குறதுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6, மொத்தம் 15, ஒண்ணுமே இல்லன்னாலும் 3. எட்டும் அதுக்குக் கீழயும்னா கடுமையான காயம், 9-லருந்து 12 நடுத்தரம், 13-லருந்து 15 லேசானது. டிஸ்சார்ஜ் அன்னிக்கு 15 போட்டிருக்கும், குடும்பமும் நூத்துக்கு நூறு வாங்கின மாதிரி சந்தோஷமா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகும். அந்த மார்க் ஆள் முழிச்சிருக்காரா, சொன்னது புரியுதான்னு மட்டும்தான் சொல்லுது, அவரு மறுபடி கடைக் கணக்கு பாப்பாரா, பிள்ளை பேரு ஞாபகம் வச்சிருப்பாரான்னு அது சொல்லாது. எங்க தலைவர் அரசாங்கத்தோட 48 மணி நேரத் திட்டத்தச் சொல்லுவாரு, இன்னுயிர் காப்போம்னு 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சது, விபத்து ஆனவங்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், "நம்ம வேலை 49வது மணி நேரத்துல ஆரம்பிக்குதுப்பா"ம்பாரு. ஒவ்வொரு மீட்டிங்லயும் சொல்லுவாரு, நீங்களும் கேப்பீங்க.

இன்னொண்ணு, மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட். மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2016-ல 21 வகை குறைபாடு இருக்கு, அதுல மூளைக்காயம்னு தனியா ஒரு வகை கிடையாது. கை கால் இழுத்துக்கிட்டா உடல் இயக்கக் குறைபாடுன்னு வாங்கலாம், பேச்சு போயிட்டா பேச்சு மொழிக் குறைபாடுல வரும், ஞாபகமும் குணமும் மட்டும் போனவருக்கு எந்தக் கட்டத்துல டிக் போடுறதுன்னு மெடிக்கல் போர்டுலயே குழம்புவாங்க. 40 சதவீதம் வந்தாதான் பெரும்பாலான சலுகை. நம்ம ஆபீஸ்ல பாதி நாள் ஓடுறது இந்த யூடிஐடி கார்டு, அதான் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அந்த அலைச்சல்லதான், அதனால இதுக்குச் சம்பளம் குடுத்து ஒரு ஆள் எதுக்குன்னு தயவு செஞ்சு முதல் மீட்டிங்ல கேக்காதீங்க.

ரெண்டாவது மாசம் பேப்பர்

முதல்ல நீங்க சேர்ந்திருக்கிறது என்னதுன்னு தெரிஞ்சுக்கங்க. சங்கமா, டிரஸ்டா, லாபம் பாக்காம நடத்துற செக்‌ஷன் 8 கம்பெனியா. சங்கம்னா தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975, மாவட்டப் பதிவாளர் ஆபீஸ், நீங்க நிர்வாகக் குழு உறுப்பினர், ஒரு தடவைக்கு மூணு வருஷத்துக்கு மேல பதவி போகாது. டிரஸ்ட்னா டீட்ல, அதான் டிரஸ்ட் பத்திரத்துல, எழுதினதுதான் வேதம், பல டீட்ல டிரஸ்டி ஆயுள் முழுக்கன்னு இருக்கும், அப்படின்னா எப்படி விலகுறதுன்னும் அதுல இருக்கான்னு பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க. கம்பெனின்னா டைரக்டர் நம்பர், டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் வாங்கணும். சங்கமா இருந்தா இன்னொண்ணும் கேளுங்க: உங்களச் சேத்த விவரத்தப் பதிவாளர் ஆபீஸ்ல குடுத்தாச்சா? குடுக்காம விட்டா பேங்க்ல கையெழுத்து மாத்தப் போகும்போது பழைய லிஸ்ட்ல இருக்கிற, அமெரிக்கா போயிட்ட செயலாளரக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க, எங்களுக்கு நடந்தது, நாலு மாசம் சம்பளம் குடுக்க என் சொந்தக் கணக்குலருந்து கைமாத்தா போட்டு அப்புறம் அதுக்கு ஒரு தீர்மானம் போட்டு எடுத்தேன், இப்ப நினைச்சாலும் ஆடிட்டர் மூஞ்சி ஞாபகம் வருது.

பைலாவ, அதான் சங்கத்து விதிமுறைய, ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுட்டு உக்காந்து முழுசா படிங்க. நோக்கம்னு இருக்கிற பகுதில யாருக்காக இந்தச் சங்கம்னு பாருங்க, விபத்துல அடிபட்டவங்க மட்டுமா, பக்கவாதம், மூளைக் காய்ச்சல், தண்ணில மூழ்கி மூச்சு நின்னவங்களும் உண்டா, இதுல தெளிவு இல்லன்னா உதவி கேட்டு வர்ற ஒவ்வொருத்தருக்கும் ஒரு சண்டை நடக்கும். அப்புறம் உறுப்பினர் தகுதி இழக்கிறதுன்னு ஒரு பக்கம் வரும், அங்க விரல் வச்சுப் படிங்க. பத்திரம் எழுதுற இடத்துல இருக்கிற மாதிரிப் படிவத்த அப்படியே காப்பி அடிச்சிருப்பாங்க: திவாலானவர், தண்டனை பெற்றவர், சித்த சுவாதீனம் இல்லாதவர் உறுப்பினரா இருக்க முடியாது. எங்க பைலாலயும் பன்னெண்டு வருஷம் அது இருந்தது, யாரும் பாக்கல. தலைல அடிபட்டவங்களுக்காக நடத்துற சங்கத்துல தலைல அடிபட்டவரு மெம்பரா இருக்க முடியாதுன்னு நாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு வச்சிருக்கோம்! 2016 சட்டத்தோட 13-வது பிரிவு மாற்றுத்திறனாளிக்கும் மத்தவங்கள மாதிரியே சட்டத் தகுதி உண்டுன்னு சொல்லுது. பொதுக்குழு கூட்டி அந்த வரியத் தூக்கினோம். உங்க பைலால இருந்தா நீங்க கொண்டு வர்ற முதல் தீர்மானம் அதுவா இருக்கட்டும், வாக்கத்தான் அப்புறம் வைக்கலாம்.

கடைசி ரெண்டு வருஷ மினிட்ஸ் புக், அதான் கூட்டத்துல பேசினதையும் முடிவையும் எழுதுற நோட்டு, வாங்கிப் படிங்க. தரமாட்டேன்னு சொன்னா அதுவே ஒரு தகவல்.

காசு

நான் பொருளாளர், இதுல கொஞ்சம் அதிகமாத்தான் பேசுவேன். கமிட்டில எல்லாரும் "அது அவரு பாத்துக்குவாரு"ன்னு என்னையக் காட்டுவாங்க, ஆனா கணக்குல தப்பு வந்தா பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும். அதனால மாசா மாசம் மூணே மூணு கேளுங்க: பேங்க்ல எவ்வளவு இருக்கு, அதுல குறிப்பிட்ட வேலைக்குன்னு குடுத்தது எவ்வளவு, மீதிய வச்சு எத்தனை மாசச் சம்பளம் குடுக்கலாம். பாஸ்புக்க நீங்களே கையில வாங்கிப் பாருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன், கோவிச்சுக்கிற பொருளாளரா இருந்தா கட்டாயம் பாருங்க. செக்ல ரெண்டு கையெழுத்து இருக்கணும், வெத்து செக்ல முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுக் குடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம், வெளியூர் போறேன் அவசரத்துக்கு இருக்கட்டும்னு எந்தக் காரணமும் வேண்டாம்.

நன்கொடை ரசீது விஷயம். நன்கொடை குடுத்தவருக்கு வரிவிலக்கு வாங்கித் தர்ற 80ஜி பதிவு நம்மகிட்ட இருந்தாலும் 2000 ரூபாய்க்கு மேல ரொக்கமாக் குடுத்தா அந்த விலக்கு கிடைக்காது, இதத் தெரியாம கல்யாண நாளுக்கு அஞ்சாயிரம் கவர்ல வச்சுக் குடுத்துட்டு மார்ச் மாசம் சண்டைக்கு வருவாங்க, வாங்கும்போதே சொல்லிருங்க. யார் யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு வரித்துறைக்கு இத்தனை வருஷமா மே 31-க்குள்ள குடுத்துக்கிட்டு இருக்கோம், அதுக்கு பான் நம்பர் வேணும், ரசீது போடுறப்பவே வாங்கலன்னா மே மாசம் முழுக்க போன் போட்டே போயிடும். 2026 ஏப்ரல் 1-லருந்து புது வருமான வரிச் சட்டம், செக்‌ஷன் நம்பரும் ஃபார்ம் நம்பரும் மாறுது, எல்லாரும் வாய்ல 80ஜின்னுதான் சொல்லிட்டு இருப்பாங்க, பேப்பர்ல என்ன போடணும்னு ஆடிட்டர்கிட்ட ஒரு தடவை உக்காந்து கேட்டுருங்க.

அப்புறம் டொரண்டோ மாமா. ஒவ்வொரு கமிட்டிலயும் ஒருத்தருக்கு வெளிநாட்டுல மாமாவோ அத்தானோ இருப்பாரு, பாசத்துல ஒரு லட்சம் நேரா சங்கத்துக் கணக்குக்கு அனுப்பிருவாரு. அவரு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருந்து சொந்தச் சம்பாத்தியத்துலருந்து அனுப்பினா பரவாயில்ல, கனடா குடியுரிமை வாங்கிட்டாருன்னா, வெளிநாட்டுக் குடிமகனாயிட்ட இந்திய வம்சாவளிக்காரங்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம். எஃப்சிஆர்ஏ, அதான் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம், அதுல பதிவு இல்லாம வாங்கவே கூடாது, பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்கு அப்புறம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்ச் கணக்குல மட்டும்தான் வாங்கலாம். அந்தப் பணத்துல நிர்வாகச் செலவு 20 சதவீதத்தத் தாண்டக் கூடாது, இன்னொரு சங்கத்துக்குத் தூக்கிக் குடுக்கவும் கூடாது. மாமாகிட்ட முதல்லயே எந்த நாட்டுப் பாஸ்போர்ட்னு கேட்டுருங்க, தப்பா எடுத்துக்க மாட்டாரு.

கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம் வந்தா சக்கர நாற்காலி வாங்கலாம், மெஷின் வாங்கலாம், ரிப்பன் வெட்டலாம், ஸ்பீச் தெரபிஸ்டுக்குச் சம்பளம்னு கேட்டா மட்டும் மூஞ்சி சுருங்கிடும். எங்ககிட்ட ரெண்டு மெஷின் பெட்ஷீட் போத்தித் தூங்குது, ஓட்டுறதுக்கு ஆள் இல்ல. பொருள் தர்றேன்னு யார் வந்தாலும் இத யாரு தினமும் ஓட்டுவா, ரிப்பேருக்கு யாரு குடுப்பான்னு கேக்குற ஆளா இருங்க, கொஞ்சம் கெட்ட பேர் வரும்.

மீட்டிங் எப்படி நடத்துறது

உருப்படியா நடக்குற மூளைக்காய சங்கத்துல கமிட்டிலயே ரெண்டு மூணு பேர் அடிபட்டவங்களா இருப்பாங்க. பேருக்கு உக்கார வச்சுட்டு டீ குடுத்து அனுப்புறதா இருந்தா அது வேண்டாம். அவங்க பேசுற மாதிரி மீட்டிங்க மாத்தணும், செலவே இல்ல. அஜெண்டாவ ஒரே பக்கத்துல பெரிய எழுத்துல அடிச்சு ரெண்டு நாள் முன்னாடி குடுங்க, முதல் நாள் சாயந்திரம் போன் பண்ணி ஞாபகப்படுத்துங்க, காலைலயும் ஒரு தடவை. ஒரு நேரத்துல ஒரு விஷயம், ஒருத்தர் மட்டும் பேசணும், விட்டு விட்டு எரியிற டியூப்லைட்ட மாத்துங்க, சத்தம் போடுற ஃபேன மாத்துங்க, சில பேருக்கு அந்தச் சத்தத்துக்கு நடுவுல பேச்சப் பிரிச்சுக் கேக்கவே முடியாது. அரை மணிக்கு ஒரு பிரேக். சாயந்திரம் ஆறு மணி மீட்டிங் வேண்டாம், அந்த நேரத்துக்கு அவங்க மூளை அசந்து போயிருக்கும், இந்த அசதி நம்ம அசதி மாதிரி ஒரு காபில போறது இல்ல. முடிவு எடுத்ததும் போர்டுல எழுதுங்க.

வாடகைக்கு இடம் பாத்த கதையச் சொல்றேன். பழைய இடம் காலி பண்ணச் சொல்லிட்டாங்க, புதுசா ஒண்ணு வந்தது, பஸ் ஸ்டாண்டு பக்கம், வாடகை மூவாயிரம் கம்மி, ஓனர் நல்ல மனுஷன். எல்லாரும் தலையாட்டியாச்சு, செயலாளர் தீர்மானம் எழுத ஆரம்பிச்சுட்டாரு. எங்க கமிட்டில முன்னாடி லேத் பட்டறை வச்சிருந்த அண்ணன் ஒருத்தர், பேச்சு போனவரு, புரியும் ஆனா வார்த்தை வராது, கைய லேசாத் தூக்கினாரு. "ம... ம..."ன்னு நிறுத்திட்டாரு. பக்கத்துல ஒருத்தர் "மழையா அண்ணே, ஒழுகுமா?"ன்னாரு, இன்னொருத்தர் "மாசமா?"ன்னாரு, அவரு கண்ண மூடிக்கிட்டு தலைய ஆட்டுறாரு இல்லன்னு. செயலாளர் பேனாவ மூடி மேசைல வச்சாரு, யாரும் எதுவும் சொல்லல, வெளில ஆட்டோ சத்தம் மட்டும். முக்கால் நிமிஷம் இருக்கும். "மாடி"ன்னாரு.

அந்த இடம் முதல் மாடி. லிஃப்ட் இல்ல. நாங்க பதினோரு பேர் போய்ப் பாத்துட்டு வந்திருந்தோம்.

அதனால வார்த்தைய எடுத்துக் குடுக்காதீங்க, காத்திருங்க. அவர் குடும்பத்தப் பாத்து "என்ன சொல்றாரு?"ன்னு கேக்காதீங்க, அவரையே பாருங்க. குடும்பத்துக்கும் பேச இடம் வேணும், அது தனியா, அவர் இல்லாத நேரத்துல. சில அக்காங்க வருஷக்கணக்கா முழுத் தூக்கம் தூங்கியிருக்க மாட்டாங்க, அவங்க அழுறதையும் திட்டுறதையும் அவர் முன்னாடி வச்சுக் கேக்கக் கூடாது.

உள்ள வர்ற மத்த ஆளுங்க

இந்த மாதிரி சங்கத்தச் சுத்தி ஈ மாதிரி ஆளுங்க வருவாங்க. விபத்து கேஸ் புடிக்கிற புரோக்கரு, ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினா கமிஷன்ங்கிறவரு, ஹோம் நர்ஸ் ஏஜென்சி. நல்ல வக்கீலும் உண்டு, நல்ல ஏஜென்சியும் உண்டு, ஆனா சங்கம் யாரையும் ஒரே ஆளா சிபாரிசு பண்ணக் கூடாது, மூணு நாலு பேர் குடுத்து நீங்களே பேசிப் பாருங்கன்னு விட்டுறணும். உங்க மச்சான் ஏஜென்சி வச்சிருந்தா முதல் மீட்டிங்லயே சொல்லிருங்க, அது பத்திப் பேசும்போது ரூமுக்கு வெளில போயிருங்க, போனதையும் மினிட்ஸ்ல எழுதச் சொல்லுங்க. சங்கடமா இருக்கும், ஒரு தடவைதான் சங்கடம்.

விபத்து இழப்பீட்டுக்கு ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, 2019 திருத்தத்துல விபத்து நடந்து ஆறு மாசத்துக்குள்ள விபத்து இழப்பீட்டு டிரிபியூனல்ல மனு போடணும்னு கெடு வந்துருச்சு, 2022 ஏப்ரல்லருந்து அமல். கோமால இருக்கிறவரு வீட்டுல ஆறு மாசம் எப்படிப் போகும்னு உங்களுக்கே தெரியும், கேஸ் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுருவாங்க. அதனால முதல் போன்லயே கேக்குறோம்.

போட்டோ. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆர்வமா வந்த ஒரு புது மெம்பரு சனிக்கிழமை கூட்டத்துல எடுத்த போட்டோவ அன்னிக்கு ராத்திரியே வாட்ஸப்ல போட்டுட்டாரு, நல்லெண்ணத்துலதான். அதுல ஒருத்தருக்கு மண்டை ஓடு ஒரு பக்கம் எடுத்து இன்னும் வைக்கல, குழியாத் தெரியும், எலும்ப வயித்துத் தோலுக்கு அடில வச்சுத் தச்சிருந்தாங்க. அந்தப் படம் எங்கெங்கயோ சுத்தி அவர் பொண்ணுக்குப் பேசிக்கிட்டிருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போச்சு, குடும்பத்துல ஏதோ நோய் இருக்குன்னு நின்னு போச்சு. இப்ப எங்க ரூல்: போட்டோவுக்கு எழுத்துல சம்மதம், அதுவும் அன்னிக்கே வாங்கக் கூடாது, படத்தக் காட்டி, எங்க போடப் போறோம்னு சொல்லி, ஒரு வாரம் கழிச்சு மறுபடி கேக்கணும், ஏன்னா முதல் தடவை சரின்னு சொன்னது அவருக்கு ஞாபகமே இல்லாம இருக்கலாம்.

போன் வாரம்

ஆறாவது மாசம் உங்க கைல சங்கத்து மொபைல் வரும், கமிட்டில எல்லாரும் ஆளுக்கு ஒரு வாரம். ராத்திரி பத்தரைக்கு அடிக்கும், ஐசியூ வாசல்லருந்து ஒரு தம்பியோ அக்காவோ, பின்னாடி லிஃப்ட் சத்தம் கேக்கும். எல்லாம் சரியாயிடும்னு சொல்லாதீங்க, உங்களுக்குத் தெரியாது. எங்க வீட்டுலயும் இப்படித்தான்னு உங்க கதைய ஆரம்பிக்காதீங்க. மருந்து பத்தி வாயத் திறக்காதீங்க, டாக்டர்கிட்ட கேக்க வேண்டியத ஒரு நோட்டுல எழுதி வச்சு ரவுண்ட்ஸ் அப்ப கேக்கச் சொல்லுங்க. சாப்பிட்டாங்களா, கூட மாத்தி இருக்க ஆள் இருக்கான்னு கேளுங்க. எஃப்ஐஆர் போட்டாச்சா, ஆஸ்பத்திரில எழுதுற விபத்துப் பதிவோட ஏஆர் காப்பி வாங்கியாச்சான்னு கேட்டு, இல்லன்னா நாளைக்குக் காலைல யார் போவாங்கன்னு பேர் வாங்குங்க. அப்புறம் அவங்க நம்பரையும் தேதியையும் ரிஜிஸ்டர்ல எழுதிட்டு மூணாவது நாள் நீங்களே கூப்பிடுங்க. பெரும்பாலும் எடுக்க மாட்டாங்க. அஞ்சாவது நாள் மறுபடி கூப்பிடுங்க, உங்க வாரம் முடிஞ்சு போன் அடுத்தவர்கிட்ட போறதுக்குள்ள.